எந்த இடத்தில்? எழுத்து, பிரதித் திருத்தம், மதிப்புரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைத் தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவில் கடை வாசலில் நிறுத்திப் பேசுகிறவர்கள், கைப்பிரதி அனுப்புகிறவர்கள், மதிப்புரையைப் படித்துவிட்டுக் கோபப்படுகிறவர்கள் என எல்லோரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை ஒன்றாக எழுதி வைக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

உங்கள் வேலைதான் என்ன?

இரண்டு வேலை. அச்சுக்குப் போகும் முன் பிறருடைய கைப்பிரதியைப் படித்துத் திருத்தம் சொல்கிறேன். அச்சாகி வந்த வேறு நூல்களுக்கு மதிப்புரை எழுதுகிறேன். நான் கை வைத்த நூலுக்கு மதிப்புரை எழுதுவதில்லை.

இரண்டு வேலைக்கும் என்னிடம் இருப்பது ஒரே கேள்வி: எந்த இடத்தில்? 'நடை கனமாக இருக்கிறது' என்று சொல்ல யாராலும் முடியும். எந்தப் பக்கத்தில், எந்த வாக்கியத்தில் கனம் ஏறியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாவிட்டால் அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. 'அருமையான நூல்' என்ற பாராட்டுக்கும் அதே கணக்குதான்.

சென்னையில் இல்லாமல் இந்தத் தொழில் நடக்குமா?

நடக்கிறதே. நாகர்கோவிலிலும் பொள்ளாச்சியிலும் இருந்து நல்ல பதிப்பகங்கள் இயங்குகின்றன. அச்சுக்குச் சிவகாசி பக்கத்தில் இருக்கிறது. மதுரைக்கு இது புதிதும் அல்ல: 1901இல் பாண்டித்துரைத் தேவர் இங்கே தமிழ்ச் சங்கத்தை நிறுவினார், அதைத் தொடர்ந்து 'செந்தமிழ்' இதழும் சங்கத்தின் முத்திராசாலையில் அச்சான நூல்களும் வந்தன. 2023 ஜூலையில் புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு, ஒரு மேற்கோளைச் சரிபார்க்க ரயில் ஏற வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. சென்னையில் இல்லாததால் இழப்பது நூல் வெளியீட்டு விழாக்களைத்தான். அதை இழப்பு என்று நான் கருதவில்லை.

கைப்பிரதி வந்ததும் முதலில் எதைப் படிப்பீர்கள்?

மூன்றாம் அத்தியாயத்தை. முதல் அத்தியாயத்தை எல்லோரும் இழைத்து இழைத்து வைத்திருப்பார்கள். இரண்டாவதில் அந்த மினுக்கு கொஞ்சம் மிச்சம் இருக்கும். மூன்றாவதில்தான் எழுதியவர் தம் இயல்புக்கு வருகிறார். அங்கே ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசிப்பேன். எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு.

ஒரு சிறுகதையில் இப்படி ஒரு வாக்கியம் வந்தது. எழுதியவரின் சம்மதத்தோடு இங்கே எடுத்துக் காட்டுகிறேன்:

'அதிகாலை வேளையில் வைகைக் கரையோரத்தில் அமைந்திருந்த அந்தத் தேநீர்க் கடையில் இனம் புரியாத ஒரு மௌனமான சோகம் நிலவிக்கொண்டிருந்தது.'

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதிகாலை என்றாலே அது வேளைதான். 'அமைந்திருந்த' என்பது கடையைத் தூக்கி அரசு அறிவிப்புக்குள் வைத்துவிடுகிறது. சோகம் இனம் புரியாதது என்றால், எழுதியவருக்கே அது புரியவில்லை என்று வாசகர் எடுத்துக்கொள்வார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்: 'அன்று அந்தக் கடையில் நீங்கள் எதைப் பார்த்தீர்கள்?' யோசிக்காமல் சொன்னார்: 'பாய்லரைப் பற்ற வைக்கவே இல்லை. பால்காரர் கேனை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.' அதையே எழுதச் சொன்னேன். இப்போது கதையில் இருக்கும் வடிவம் இது:

'யானைக்கல் டீக்கடையில் அன்று பாய்லரைப் பற்ற வைக்கவில்லை. பால்காரர் கேனை வாசலில் வைத்துவிட்டு, யாரையும் கூப்பிடாமல் போனார்.'

சோகம் என்ற சொல்லே இல்லை. 'யாரையும் கூப்பிடாமல்' என்பது அவராகச் சேர்த்தது, எனக்குத் தோன்றியிருக்காது.

எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தால் போதாதா?

போதாது. எழுத்துப் பிழையைத் திருத்துவது மெய்ப்புப் பார்ப்பவரின் வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்கு வெளிநாட்டுக் கையேடுகளைத் தேடுகிறவர்கள், பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த நன்னூலை ஒருமுறை புரட்டலாம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நூலுக்கு ஆகாதவை என்று பத்துக் குற்றங்களைச் சொல்லி வைத்தார்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. என் மேசைக்கு வரும் கைப்பிரதிகளின் ஓரத்தில் இவற்றின் முதலெழுத்துகளைத்தான் குறிப்பாகப் போடுகிறேன்.

கூறியது கூறலைப் பார்க்க நெடுந்தூரம் போக வேண்டாம். 'அவள் மௌனமாக இருந்தாள். எதுவும் பேசவில்லை. அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை.' மூன்று வாக்கியம் எழுதியும் அவள் ஒருமுறைதான் பேசாமல் இருந்திருக்கிறாள்.

மற்றொன்று விரித்தல் மதுரைக்காரர்களின் சொந்த நோய். கதாநாயகன் மதுரை ரயில் நிலையத்தில் இறங்குகிறான். எதிரே மங்கம்மாள் சத்திரம். உடனே நான்கு பக்கத்துக்கு நாயக்கர் வரலாறு. அவன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றுகொண்டே இருக்கிறான். அந்த நான்கு பக்கமும் நன்றாக எழுதப்பட்டிருக்கும், அதுதான் சங்கடம். வெட்டச் சொன்னால், ஊர்ப்பற்று இல்லாதவன் என்ற பெயர் எனக்கு வரும்.

சென்று தேய்ந்து இறுதல் தன்வரலாறுகளில் அதிகம். சிறு வயது நூறு பக்கம். முதல் வேலை ஐம்பது பக்கம். அதன் பிறகு விருதுகளின் பட்டியல்.

பவணந்தியார் குற்றங்களோடு பத்து அழகுகளையும் சொன்னார். அவற்றில் 'உலகம் மலையாமை' என்று ஒன்று உண்டு: உலகத்து நடப்போடு முரண்படாமல் எழுதுவது. ஒரு நாவலில், அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய இரவு, கதாநாயகி 'நிலா இல்லாத கும்மிருட்டில்' கோரிப்பாளையத்திலிருந்து தனியாக நடந்து வருகிறாள். அழகர் வைகையில் இறங்குவது சித்ரா பௌர்ணமிக்கு. முந்தைய இரவில் நிலா ஏறக்குறைய முழுதாக இருக்கும். அந்தப் பக்கத்தில் தனியாக நடக்க இடமும் இருக்காது, விடிய விடியக் கூட்டம். இருட்டும் தனிமையும் கதைக்கு அவசியம் என்றால் நாளை மாற்ற வேண்டும். ஆசிரியர் ஆடி மாதத்துக்கு மாற்றினார். அதனால் அவளுடைய புடவை, காற்று, பூக்காரியின் வசனம் என மூன்று அத்தியாயங்களில் திருத்தம் வந்தது. எரிச்சலோடுதான் செய்தார்.

ஒற்று மிகுமா, மிகாதா? எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. அற்பக் கேள்வியும் இல்லை. 'பார்வதி முருகனுக்கு வேலைக் கொடுத்தாள்' என்றால் திருப்பரங்குன்றத்து முருகன் கைக்கு வேல் வருகிறது. அந்த ஒரு 'க்' விழுந்துவிட்டால் அவருக்கு எங்கோ உத்தியோகம் கிடைத்துவிடுகிறது.

'ஐ', 'கு' என்ற வேற்றுமை உருபுகள் வெளிப்படையாக நின்று, அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் மிகும்: புத்தகத்தைப் படித்தான், மதுரைக்குப் போனான். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி ஆகியவற்றின் பின்னும் மிகும். பெயரெச்சத்துக்குப் பின் மிகாது: வந்த பையன், பெரிய கடை. வினைத்தொகையில் மிகாது: ஊறுகாய், சுடுசோறு. எண்ணுப்பெயர்களில் எட்டும் பத்தும் தனி ரகம். எட்டுத்தொகை, பத்துப்பாட்டு என்று மிகும். ஐந்து கதைகள், ஏழு கடல் என்னும்போது மிகாது. இந்த அளவு கைவந்துவிட்டால் பெரும்பாலான பிழைகள் ஓடிவிடும். மீதிக்கு இலக்கண நூல் இருக்கிறது.

ஒற்றை விட்டுவிட்டவரைவிட, பயந்துபோய்க் கண்ட இடத்திலெல்லாம் போட்டு வைத்தவரைத் திருத்துவதுதான் பெரும்பாடு. 'வந்தப் பையன்', 'பெரியக் கடை', 'நல்லப் பாடல்' எல்லாம் இப்போது பெருகிவிட்டன. காது கேட்கிறபடி எழுதியிருந்தாலே இவை வந்திருக்காது. 'நல்லப் பாடல்' என்று யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

'வாழ்த்துகள்', 'வாழ்த்துக்கள்' சண்டைக்கு நான் வருவதில்லை. 'கள்' பற்றிய நகைச்சுவையை ஏற்கெனவே கேட்டுவிட்டேன். ஒரு நூலுக்குள் ஒரே வடிவம் இருந்தால் சரி.

என் நடையை மாற்றிவிடுவீர்களா?

மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஓர் ஆங்கிலேயர் குறளில் எதுகை சரியாக அமையாத இடங்களைத் 'திருத்தி' அச்சிட்டாராம். 'தக்கார் தகவிலர்' என்று தொடங்கும் குறளில், இரண்டாம் அடியின் 'எச்சத்தால்' என்பதை எடுத்துவிட்டு, 'தக்கார்' என்பதற்கு எதுகையாக 'மக்களால்' என்று போட்டாராம். தேவர் அந்தப் பிரதிகள் அனைத்தையும் விலைக்கு வாங்கி எரித்துவிட்டாராம். இதில் கூட்டிச் சொன்னது எவ்வளவோ, எனக்கு அந்தக் கதை பிடிக்கும். எதுகை தெரிந்த ஒருவருக்குக் குறள் தெரியாமல் போகலாம் என்பதைப் பாருங்கள்.

மறுபுறம் உ.வே.சாமிநாதையர் இருக்கிறார். ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது, துணைக்காலையும் ரகரத்தையும் பிரித்தறிய முடியாது. அதிலிருந்து 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். சிதைந்த பாடல்களில் சொல் கிடைக்காத இடத்தைப் புள்ளியிட்டுக் காலியாகவே விட்டார். சுவடிகள் மாறுபடும் இடங்களில் மாற்று வடிவங்களைப் பாடபேதமாகக் கொடுத்தார். அவருடைய புலமைக்கு ஒரு சீரை எழுதி நிரப்புவது பெரிய காரியமா என்ன? நிரப்பவில்லை.

ஆகவே என் பதில்: மாற்ற மாட்டேன், கோடு போடுவேன். ஓரத்தில் காரணம் எழுதுவேன். மாற்றுவது நீங்கள்தான். என் குறிப்புகளில் பாதியைத் தள்ளிவிட்டு நல்ல நூல் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

மதுரைப் பேச்சு வழக்கில் எழுதலாமா?

தாராளமாக. ஆனால் 'அங்கிட்டு', 'இங்கிட்டு', 'இம்புட்டு' மூன்றையும் தூவிவிட்டால் மதுரை வந்துவிடாது. மேலூர்ப் பக்கத்துக் கதையில் ஒரு சிறுவன் 'ஏரி'யில் குளித்தால் நான் அங்கேயே நின்றுவிடுவேன். இங்கே அது கண்மாய். அதற்கு மடை உண்டு, மிகுந்த நீர் வெளியேறக் கலுங்கு உண்டு, நிறைந்தால் அதன் வழியே மறுகால் பாயும். 'ஏரி நிரம்பி வழிந்தது' என்று எழுதுகிறவர் தண்ணீரைப் பார்த்திருக்கிறார். 'கண்மாய் மறுகால் பாய்ந்தது' என்று எழுதுகிறவருக்கு அந்தத் தண்ணீர் அடுத்து எந்த ஊர்க் கண்மாய்க்குப் போகும் என்பதும் தெரியும். அண்ணன் மனைவி இங்கே பல வீடுகளில் மதினி. சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது வெஞ்சனம்.

நகரத்துக்குள் வந்தால் வேறு சிக்கல். மகால் பக்கத்துச் சௌராஷ்டிர நெசவுக் குடும்பத்தைப் பற்றிய கதையில் தாயும் மகளும் அடுப்படியில் சுத்தமான உசிலம்பட்டித் தமிழில் பேசிக்கொள்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குள் பேசுவது சௌராஷ்டிரம். கதையைத் தமிழில்தான் எழுத வேண்டும் என்பது உண்மை; ஆனால் வீட்டுப் பேச்சும் தெருப் பேச்சும் ஒன்றல்ல என்பது வாசகருக்கு எப்படியாவது தெரிய வேண்டும். தெருவில் பூக்காரியிடம் பேசும்போது வட்டார வழக்கு, வீட்டுக்குள் வந்ததும் வட்டாரச் சாயல் இல்லாத எளிய தமிழ் என்று ஒருவர் பிரித்துக் காட்டினார். எழுத்தில் நான் பார்த்த தீர்வுகளில் அது நல்ல தீர்வு.

விவரிப்பையும் வழக்கிலேயே எழுதுவதா என்றால், கதை சொல்கிறவர் அந்த ஊர்க்காரராக இருந்தால் எழுதலாம். முதல் பத்தியில் ஊர்க்காரர், மூன்றாம் பத்தியில் செய்தி வாசிப்பவர் என்று மாறக் கூடாது.

பஸ்ஸா, பேருந்தா?

மாட்டுத்தாவணியில் உங்கள் பாத்திரம் எதில் ஏறுகிறாரோ அதில்தான். அவர் வாயில் பஸ், விவரிப்பில் பேருந்து என்றிருந்தால் யாருக்கும் உறுத்தாது. விவரிப்பிலேயே ஒரு பக்கத்தில் பஸ், மறுபக்கத்தில் பேருந்து, அடுத்ததில் 'வண்டி' என்றால் அவர் மூன்று முறை மாறி ஏறினார் போலிருக்கிறது.

தட்டச்சில் கவனிக்க வேண்டியது ஏதாவது?

யூனிகோடில் அனுப்புங்கள். பழைய எழுத்துருவில் உள்ளதை மாற்றினால், மாற்றிய பிறகு ஒருமுறை முழுதாகப் படியுங்கள். முக்கியமாக ஔகாரம். ஔவையார் என்று அடிப்பதற்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்து ஒளவையார் என்று ஆக்கிவிடுகிறார்கள். கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல்தான் தெரியும். ஆனால் கணினிக்கு அவை இரண்டு எழுத்து. தேடினால் கிழவி அகப்பட மாட்டார். கௌரி, மௌனம், பௌர்ணமி எல்லாவற்றுக்கும் இதே கதி நேரலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாக அடித்து இணையத்தில் இலவசமாக வைத்தார்கள். பெயரில்தான் மதுரை, ஆட்கள் உலகம் முழுவதும் இருந்தார்கள். தட்டச்சு செய்கிறவர் கையில்தான் நூல் பிழைக்கிறது என்பதை அவர்களைப் பார்த்தால் புரியும்.

கணினியே திருத்தித் தந்துவிடுகிறதே, எடிட்டர் எதற்கு?

எழுத்துப் பிழைக்குப் பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். அப்படி 'மெருகேற்றி' வந்த ஒரு பிரதியில் மதினியெல்லாம் அண்ணியாகி, வெஞ்சனமெல்லாம் 'துணை உணவு' ஆகியிருந்தது. வாக்கியங்கள் வழுவழுவென்று இருந்தன. கிழவி திட்டும் இடத்தில்கூட வழுவழு.

நல்ல மதிப்புரை எழுதுவது எப்படி?

முதலில் நூலைப் படிக்க வேண்டும். சிரிக்காதீர்கள். பின்னட்டையையும் முன்னுரையையும் வைத்து எழுதப்பட்ட மதிப்புரையை இரண்டாம் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடலாம்; மேற்கோள் எல்லாம் முதல் இருபது பக்கத்துக்குள் இருக்கும்.

'தமிழுக்கு முக்கியமான வரவு', 'தவறவிடக் கூடாத நூல்', 'ஒரே மூச்சில் படித்து முடித்தேன்' ஆகியவற்றை எழுதியதும் ஒரு சோதனை செய்யுங்கள்: நூலின் தலைப்பை நீக்கிவிட்டு வேறொரு தலைப்பைப் போட்டுப் பாருங்கள். பத்தி அப்படியே பொருந்தினால் அந்தப் பத்தி எந்த நூலையும் பற்றியது அல்ல. கண்டிப்பான வாக்கியங்களுக்கும் இந்தச் சோதனை உண்டு. 'இன்னும் செறிவாக எழுதியிருக்கலாம்' என்பது எந்த நூலுக்குத்தான் பொருந்தாது?

கதையைச் சுருக்கித் தருவது மதிப்புரை அல்ல. ஆனால் நூல் எதைப் பற்றியது என்றே சொல்லாமல் கோட்பாடு பேசுவதும் அல்ல. வாசகர் கடையில் நின்றுகொண்டு, இதை வாங்கவா வேண்டாமா என்று யோசிக்கிறார். அவருக்கு நூலிலிருந்து ஒரு பத்தியாவது காட்டுங்கள். சிறந்த பத்தியையும் எடுக்க வேண்டாம், மோசமானதையும் வேண்டாம். நூல் பெரும்பாலான பக்கங்களில் எப்படி இருக்கிறதோ அப்படிப்பட்ட பத்தி.

வரலாறு, ஆய்வு நூல்களென்றால் நான் பின்பக்கத்திலிருந்து தொடங்குவேன். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் சொல்லடைவு இருக்கிறதா? நானூறு பக்க நூலில் ஒரு கல்வெட்டைத் தேட வாசகர் என்ன செய்வார்? உ.வே.சா. காலத்துப் பதிப்புகளில் அரும்பத அகராதி இருந்தது. கணினி வந்த பிறகு சொல்லடைவைக் கைவிட்டோம் என்பது விசித்திரம். இதைப் பற்றி ஒவ்வொரு மதிப்புரையிலும் புலம்புகிறேன் என்று பதிப்பாளர் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். அடுத்த நூலில் சொல்லடைவு சேர்த்தால் நிறுத்திவிடுவேன் என்றேன்.

நண்பர்களின் நூலுக்கு எழுதுவீர்களா?

நண்பர் என்பதை முதல் பத்தியில் சொல்லிவிட்டு எழுதுவேன். கூடுமானவரை தவிர்ப்பேன்.

ஐஎஸ்பிஎன் எண் வாங்கப் பணம் கட்ட வேண்டுமா?

வேண்டாம். ஒரு நூலைத் தனித்து அடையாளம் காட்டும் அந்த 13 இலக்க எண்ணை இந்தியாவில் மத்திய அரசின் முகமை இலவசமாகவே வழங்குகிறது. யாராவது அதற்கென்று தனிக் கட்டணம் கேட்டால் எதற்கு என்று விசாரியுங்கள். நூல் வந்த பிறகு, 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கும் படிகள் அனுப்புவது பதிப்பாளரின் கடமை. நீங்களே பதிப்பாளர் என்றால் அது உங்கள் கடமை.

கட்டணம்?

பக்கக் கணக்கு. முதலில் பத்துப் பக்கம் திருத்தி அனுப்புவேன். அதைப் பார்த்துவிட்டு வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். கவிதைத் தொகுப்புக்கு நான் சரிப்பட மாட்டேன்.

இப்போதே என் பிரதியை அனுப்பலாமா?

அச்செடுத்து, உங்களைப் பாராட்டும் பழக்கம் இல்லாத ஒருவரிடம் வாசித்துக் காட்டினீர்களா? அவர் எந்த இடத்தில் கைபேசியை எடுத்தார் என்று குறித்துக்கொண்டீர்களா? அந்த இடங்களைச் சரிசெய்துவிட்டு அனுப்புங்கள். புத்தகத் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, 'விழாவுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும்' என்று சொல்லி அனுப்ப வேண்டாம்.

நன்றியுரையில் உங்கள் பெயரைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். ஆனால் அந்தப் பக்கத்தை அச்சுக்குப் போகும் முன் எனக்குக் காட்டுங்கள். எல்லோரும் அதைக் கடைசி நேரத்தில் எழுதி, யாரிடமும் காட்டாமல் அச்சகத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். நூலிலேயே பிழை மலிந்த பக்கம் பெரும்பாலும் அதுதான்.